அரைஞாணில் கட்டிய சங்கீதம்

போன வாரம் நம் மாதர் கூட்டத்தில், பேரப்பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாம் என்றார் ஒருவர். பரீட்சை வைத்து, சபை நடுவே மேடையேற்றிப் பாராட்டலாம் என்றார் இன்னொருவர். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்ன அக்கா, உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லையா?" என்று செயலாளர் கேட்டதற்கும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

எனக்கு எதிலுமே லேசில் நம்பிக்கை வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கொட்டை எடுத்த புளி என்று கடைக்காரன் சத்தியம் செய்தாலும் பிதுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் அன்று நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுவல்ல. ஒப்பிப்பதில் பேர் வாங்கிய பிள்ளை நான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு என் வீட்டில் நான் செய்த காரியத்தை இதுவரை வெளியே சொன்னதில்லை. நாம் எல்லோரும் எழுபதைத் தாண்டியாயிற்று. இனி ஒளித்து வைத்து என்ன செய்ய?

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாவது பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. அப்பா குற்றாலத்தில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல்காரர். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் வெள்ளைக்காரத் துரைசானிகள் இளைப்பாற வந்துவிடுவார்கள். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி.

சாரல் காலம் என்றதும் உங்களுக்கெல்லாம் அருவியும் பலாச்சுளையும் ஞாபகம் வரும். எனக்கு ஈரத்துணி நாற்றம்தான் ஞாபகம் வரும். மூன்று நாளானாலும் துணி காயாது. கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தம்பியின் சட்டையைப் போட்டு அம்மா உலர்த்துவாள். சட்டையெல்லாம் புகை வாசனை அடிக்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். கதவைச் சாத்தாமல் போனால் குரங்கு வந்து பானையோடு தூக்கிக்கொண்டு போய்விடும். யாராவது கதவைத் தட்டினால், மனிதர்தானா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்போம். என் குணத்துக்கு அந்த ஊரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் வீரகேரளம்புதூர்ப் பக்கம். சாமி கும்பிடுகிற குடும்பம். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவள். அது நடந்து பதினாலு வருஷம் ஆகியும் எங்கள் சபையில் அவள் 'புதுசா வந்தவ'தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க ஜெபிப்பாள். அது ஜெபம் மாதிரியே இருக்காது. அரைத்துக்கொண்டே, பெருக்கிக்கொண்டே, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோலப் பேசுவாள்.

"ஏ ஆண்டவரே, இந்த ஈர விறகு எரியமாட்டேங்கு. இங்கன கொஞ்சம் பாரும்."

தென்காசி உபதேசியார் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். குற்றாலத்தில் இருந்த பத்துப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்களும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. "என்னம்மா இது, பக்கத்து வீட்டு ஆள்ட்ட பேசுத மாதிரி? ஆண்டவர்ட்ட ஒரு பயம் வேண்டாமா?" என்றார்.

"பக்கத்து வீட்டு ஆளு கூப்பிட்டா வருவாரோ மாட்டாரோ ஐயா. இவரு வருவாரு" என்றாள் அம்மா.

எனக்கு வெட்கமாக இருந்தது. உபதேசியார் முழங்காலிட்டு ஜெபித்தால் அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ஒழுங்காக ஒரு ஜெபம்கூடத் தெரியவில்லையே, இவள் உண்மையிலேயே மனந்திரும்பியவள்தானா என்று எனக்கே சந்தேகம். பன்னிரண்டு வயதில் பெற்ற தாயின் இரட்சிப்பைச் சந்தேகப்பட்ட பிள்ளை நான். பேரப்பிள்ளைகள் சந்தேகப்படுகிறார்கள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

அந்த வருஷம் ஆவணியில் அத்தியட்சர், அதாவது பிஷப், வந்து தலையில் கைவைத்து எங்களுக்குத் திடப்படுத்தல் கொடுப்பதாக ஏற்பாடு. அது ஆனால்தான் நற்கருணையில் அப்பம் வாங்கலாம். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்து போவேன். தலையில் தாழங்குடை. தூரத்தில் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்ததும் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவேன். ஏழு பிள்ளைகள் படித்தோம். விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, வினாவிடை எல்லாம் தலைகீழாகச் சொல்ல வேண்டும். போஸ்ட்மாஸ்டர் மகள் ஒருத்தி என்னைவிட வேகமாகச் சொல்லுவாள். அவளை முந்த வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் என் பக்தி.

ஆடி தொடங்கும்போது தம்பிக்குக் கக்குவான் இருமல் வந்தது. உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அப்படிக் கூவித்தான் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி கூவும்போதெல்லாம் அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அப்பா மருந்து வாங்கிவருவார். துரைசானி ஒரு கசப்புத் தண்ணீர் கொடுத்தாள். எதற்கும் இருமல் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அம்மா அவனை வெந்நீரில் குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவனுடைய அரைஞாண் கயிற்றில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு செப்புக் குழல் தொங்கியது. இரண்டு பக்கமும் அரக்கு வைத்து அடைத்திருந்தது. அருவிக்கரைக் கடைகளில் அப்படிப்பட்ட தாயத்துக் குழல் குவித்து வைத்து விற்பார்கள்.

"இது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ தண்ணிய மோந்து ஊத்து."

எனக்குத் திக்கென்றது. அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவின் அண்ணன், என் மாமா, அருவியில் குளிக்க வந்து பலாப்பழம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வேலைதான் இது, ஏதோ கோயிலில் மந்திரித்து வாங்கி வந்து கட்டியிருக்கிறார், அம்மா உடந்தை என்று முடிவு கட்டினேன். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முழுக் கதையும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் உபதேசியார், 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்' என்ற முதல் கற்பனையை விளக்கினார். விளக்கிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உங்க வீட்டுல கயிறு, தாயத்து, குறி கேக்கிறது, எதாவது உண்டுமா? இருந்தா சொல்லிரணும். மறைச்சு வச்சுக்கிட்டு அத்தியட்சர் முன்னால முழங்கால் போட்டா, அது ரெட்டைப் பாவம்."

போஸ்ட்மாஸ்டர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று அறுபது வருஷமாக எனக்கு நானே விசாரணை வைத்துப் பார்த்துவிட்டேன். பேர் வாங்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஆண்டவர் கோபப்பட்டு மற்ற இரண்டு பிள்ளைகளையும் போல இவனையும் எடுத்துக்கொள்வார், அந்தக் குழலை அவிழ்த்து எறிந்தால்தான் தம்பி பிழைப்பான் என்று நம்பினேன். அவன்மேல் எனக்கு உயிர். சொல்லி முடித்ததும் உபதேசியார் என் தலையில் கை வைத்து, "நீதான் உண்மையுள்ள பிள்ளை" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை என் தலையில் இருப்பதுபோலவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்துவிட்டார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. "எனக்குத் தெரியவந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். அப்பா பங்களாவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தம்பியின் இடுப்பிலிருந்து குழலை அவிழ்த்துக் கொடுத்தாள். உபதேசியார் பேனாக்கத்தியால் அரக்கைச் சுரண்டி உள்ளே இருந்ததை இழுத்தார்.

தகடும் இல்லை, விபூதியும் இல்லை. சிகரெட் தாள் மாதிரி மெல்லிய காகிதம், மடித்துச் சுருட்டி வைத்திருந்தது. விரித்தார். பொடி எழுத்தில் அச்சடித்த தாள். வேதப்புத்தகத்தின் தாள். சங்கீதம், தாவீது ராஜாவின் பாட்டு.

நான் பெருமூச்சு விட்டேன். அம்மா தப்பித்தாள் என்று நினைத்தேன். உபதேசியாரின் முகம் முன்னைவிட மோசமாக மாறியது.

"தாயத்தா இருந்தாக்கூட அறியாமைன்னு விட்டிருவேன். இது வேதத்தைக் கிழிச்சிருக்கு! யாரு கிழிச்சது?"

"நாந்தான் கட்டினேன் ஐயா" என்றாள் அம்மா.

"கட்டினது யாருன்னு நான் கேக்கல. கிழிச்சது யாரு? உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. இந்தச் சங்கீதம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா தம்பியின் சட்டையை இழுத்துவிட்டாள். "இதைக் கட்டினா பிள்ளை பிழைச்சிருமா?" என்று அதட்டினார். அதற்கு மட்டும் சொன்னாள்.

"வாசிக்கத் தெரிஞ்சவுக நெஞ்சுல வச்சிருக்கீக. இவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான் இடுப்புல கட்டிவிட்டேன்."

அப்பா உள்ளே போய் எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினார். "எங்க புஸ்தகம் இதுதான் ஐயா. நல்லாப் பாத்துக்கிடுங்க." உபதேசியார் சங்கீதப் பகுதியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பயந்து பார்க்கிறாள் என்று அன்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் உபதேசியார் சாரலில் நனைந்துகொண்டு குற்றாலத்தில் வீடு வீடாகப் போய் வேதப்புத்தகங்களைச் சோதித்தார். இப்படி ஒரு சோதனை நம் சபைகளில் வேறெங்கும் நடந்திருக்காது. வேதப்புத்தகத்துக்குள் அவரவர் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே விழுந்தன. ஒரு வீட்டில் ஜாதகம் இருந்ததாம். ஒரு வீட்டில் நாடக நோட்டீஸ். கிழிந்த தாள் மட்டும் அகப்படவில்லை. ஒருவரை ஒருவர் சாடையாகப் பேசத் தொடங்கினார்கள். ஆராதனைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தைப் புரட்டும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆள் அகப்படாததால் அகப்பட்ட ஆளுக்குத் தண்டனை என்று ஆயிற்று. அம்மாவை நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தார்கள். யார் கொடுத்தது என்று சொல்லி, சபை முன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை விலக்கு.

அம்மா அதற்காக அழுததை நான் பார்க்கவில்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்" என்று விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். அந்தப் பழமொழியையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன். பழைய புத்தி போகவில்லை என்பதற்கு அத்தாட்சியாக.

ஒரு வாரம் கழித்து அம்மா தேங்காய் கொடுத்து என்னைப் பங்களாவுக்கு அனுப்பினாள். அப்பா தோட்டத்தில் இருந்தார். சமையலறைக்கு அடுத்த சாமான் அறையில் ஒரு பழைய வேதப்புத்தகம் இருந்தது. மிஷனுக்குச் சொந்தமானது. தினம் காலையில் வேலைக்காரர்களைக் கூட்டி அப்பா அதிலிருந்துதான் வாசித்து ஜெபம் பண்ணுவார். அதை யாரும் சோதிக்கவில்லை. துரைசானி வீட்டுப் புத்தகத்தைச் சோதிக்க உபதேசியாருக்குத் தைரியம் ஏது? நான் எடுத்துப் புரட்டினேன். சங்கீதத்தில் ஒரு தாள் இல்லை. கிழித்ததுகூட இல்லை, அறுத்தது. அப்பா மீன் அறுப்பதுபோல அத்தனை சுத்தமான அறுப்பு.

"என்னட்டி தேடுத?"

அப்பா வாசலில் நின்றார்.

"சங்கீதம் படிக்கணும்ப்பா. பரீட்சைக்கு."

"வீட்டுப் புஸ்தகத்துல படி. அதுல எல்லாத் தாளும் இருக்கு."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மேல்தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "இதையும் போய்ச் சொல்லுவியா?" என்றார்.

சொன்னது நான்தான் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறையில் வெங்காயமும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வரும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எழுந்துபோய்விடுவேன். மிஷன் புத்தகத்தை அறுத்தது தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும், வீடும் போய்விடும். அதனால்தான் அம்மா வாயைத் திறக்கவில்லை. "சொல்லமாட்டேன்" என்றேன். அப்பா தலையசைத்துவிட்டுத் தேங்காயை உடைக்கப் போனார். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று இன்றும் சொல்ல முடியாது.

ஆவணியில் அத்தியட்சர் வந்தார். அம்மாதான் எனக்கு வெள்ளைத் தாவணி கட்டி, முக்காடு போட்டு, கொண்டைஊசி குத்திவிட்டாள். தம்பி அவள் இடுப்பில் இருந்தான். இருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது. கக்குவான் தானாகவே நிற்கிற காலம் அதுதான் என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். சங்கீதத்தால் நின்றது என்று அம்மா எங்கேயும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் நற்கருணை. வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து முன்னால் போனார்கள். அம்மா கடைசிப் பாயில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் அப்பா எனக்கு நேரே முழங்காலிட்டிருந்தார். அவர் நீட்டிய கைகளை நான் பார்த்தேன். என் கைகளையும் பார்த்தேன். ஒன்று அறுத்த கை, ஒன்று காட்டிக்கொடுத்த கை. இரண்டுக்கும் அப்பம் கிடைத்தது. கட்டிய கைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. தைமாசம் ஒரு ஞாயிறன்று, பிரசங்கம் முடிந்ததும் அம்மா தானாகவே எழுந்து நின்றாள். "கட்டினது நாந்தான். பிள்ளை இருக்கான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வருத்தப்படுகிறேன் என்று சொல்லவில்லை. யார் கொடுத்தது என்றும் சொல்லவில்லை. உபதேசியார் அதையே பாவ அறிக்கையாக எழுதிக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த விசாரணை அலுத்துப்போயிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒன்று சரியாகவில்லை. அந்த ஆடிக்குப் பிறகு அம்மா என் முன்னால் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்கும். நான் உள்ளே போனால் நின்றுவிடும். வெளியே வந்தால் மறுபடி தொடங்கும். ஒருமுறை மழைத்தண்ணீரில் சத்தமில்லாமல் கால் வைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். "யாரு அங்கன? உள்ள வாயேன்" என்றாள். அன்பாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் ஜெபம் நின்றுபோயிற்று. தம்பி மட்டும் எப்போதும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தான். அம்மாவின் விசுவாசம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது, எனக்கு உபதேசியாரின் வினாவிடை மிஞ்சியது.

அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார், என் பிள்ளை என்னை வேவு பார்க்கிறவள் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், இதுதான் நான் கண்ட தீர்ப்பு. கல்யாணமாகிப் போனேன், பிள்ளை பெற வந்தேன், அவள் சாகக் கிடக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசிவரை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தியோடு இருக்கிறான். அவன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏ ஆண்டவரே, இங்கன பாரும்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் போனபிறகு கேட்டேன்.

"அடுப்படியில அம்மா என்னல சொல்லி ஜெபிப்பா?"

"உனக்குத் தெரியாதாக்கா? எப்பவும் உன் பேருதான் முதல்ல. தினமும் ஒரே மாதிரித்தான் சொல்லுவா." கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் குரலிலேயே சொன்னான். "ஏ ஆண்டவரே, எம் பெரிய பிள்ளை பயந்துபோய்ச் சொல்லிட்டுது. அதை நீரு மனசுல வச்சுக்கிடாதேயும். அது கேட்டா மனசு ஒடைஞ்சிரும், அதுக்குத் தெரியாமச் சொல்லுதேன்."

என் புத்தியைப் பாருங்கள். அழுகை வருவதற்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. என்னைத் தேற்ற இவனாகச் சொல்லுகிறானோ என்று நினைத்தேன். காட்டிக்கொடுத்ததை நான் அவனிடம் சொன்னதில்லை. அப்பா சொல்லியிருப்பாரோ என்றால், அப்பா கண்ணை மூடும்போது அவனுக்கு ஏழு வயது. எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் பொய் அகப்படவில்லை.

அவன் என் கையைப் பிடித்தான்.

"சின்னப் பிள்ளையில இருந்தே கேக்கணும்னு நெனச்சிருக்கேன்க்கா. நீ பயந்துபோய் என்னத்தச் சொன்ன?"